உண்ணிக் காய்ச்சலும் தொடாத மருத்துவமும்

போன மார்கழியில் அலுவலக நண்பர்கள் எட்டுப் பேரோடு ஜவ்வாது மலைக்கு நடைப்பயணம் போனேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. முழுக்கைச் சட்டை. வெளிர் நிறத்தில் முழு நீளப் பேண்ட், அப்போதுதான் ஊர்ந்து வரும் பூச்சி கண்ணில் படும். கணுக்காலை மூடும் ஷூ. பேண்ட்டின் கீழ் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். பூச்சி விரட்டிக் களிம்பு, முனை மெல்லிய ஓர் இடுக்கி. புல்லில் நேரடியாக உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது. திரும்பியதும் போட்டிருந்த துணியைத் தனியாக வைத்துத் துவைக்க வேண்டும். சோப்புத் தேய்த்துக் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால் என்று உடம்பை முழுக்கத் தேடிப் பார்க்க வேண்டும். எல்லாம் உண்ணிக் கடியிலிருந்தும் அதனால் வரும் காய்ச்சலிலிருந்தும் தப்பிப்பதற்காக.

பட்டியலில் ஒரு வரிகூடத் தவறில்லை. நானும் எல்லாவற்றையும் வாங்கினேன். ஷூவோடு சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது.

மலையில் எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடி அண்ணன் ஒருவர். லுங்கியை மடித்துக் கட்டி, தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு, எங்கள் தண்ணீர் கேனையும் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். இடுப்பளவு புல்லை அவர்தான் விலக்கிக் கொடுத்தார். பட்டியலை யாரும் அவருக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பாதி வழியில் வெட்கத்தோடு களிம்பை எடுத்து நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

என் வெட்கத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, இதே மார்கழியில், என் பெரியம்மா உண்ணிக் காய்ச்சலில் செத்துப் பிழைத்தார்.

பெரியம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் காலனியிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்த மாதம் ஏரிக்கரையில் மண்டிக் கிடந்த புதரை வெட்டிச் சுத்தம் செய்யும் வேலை. புடவைக்கு மேல் பெரியப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியும் கொடுவாளும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்புவார். சாப்பாடு புதர் நிழலில், புல்மேல் உட்கார்ந்து. ஒதுங்க வேண்டுமென்றால் அதே கருவேலங்காட்டுக்குள்.

காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாள் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஊருக்குள் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே டாக்டர் “எத்தனை நாளா?” என்று கேட்டுச் சீட்டு எழுதினார். கம்பவுண்டர் ஊசி போட்டார். ஐந்தாம் நாள் மறுபடியும் அதே கிளினிக், அதே கேள்வி, வேறு ஊசி. ஏழாம் நாள் மூச்சு வாங்கியது. எட்டாம் நாள் பேச்சு குழறியது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர், செவிலியரைக் கூப்பிட்டுத் திரையை இழுத்துவிட்டு, பெரியம்மாவின் ரவிக்கையைத் தளர்த்தி, டார்ச் அடித்து உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடினார். இடது மார்புக்குக் கீழே, மடிப்புக்குள், சிகரெட் நுனியால் சுட்டதுபோல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு இருந்தது. “அம்மா வயல்ல, புதர்ல வேலைக்குப் போவாங்களா?” என்று எங்களிடம் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே மருந்தை ஆரம்பித்துவிட்டார். பதினோரு நாள் கழித்துப் பெரியம்மா வீடு திரும்பினார்.

“உடம்புல அப்படி ஒண்ணு இருந்தது தெரியவே இல்லையா பெரிம்மா?” என்று பிறகு கேட்டேன். “வலிக்கவே இல்ல கண்ணு. வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டனா?” என்றார்.

அந்த எட்டு நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துவிடலாம். தமிழ்நாட்டில் செய்தித்தாள்களும் சுகாதாரத் துறையும் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்கிரப் டைஃபஸ் என்ற நோயை. இதைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் நாம் பார்க்கும் உண்ணி அல்ல. உண்ணிக்குப் பங்காளி முறையான ஒரு நுண்பூச்சி. அதிலும் அதன் இளம்பருவம் மட்டுமே மனிதரைக் கடிக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எலிகள் நடமாடும் புல், புதர், வயல்வரப்பு, ஏரிக்கரை ஆகியவை அது வாழும் இடங்கள். அது கடிக்கும்போது உடம்புக்குள் போகும் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியாதான் நோய்க்குக் காரணம். கடித்து ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். நிஜ உண்ணி பரப்பும் டைஃபஸ் காய்ச்சலும் இந்தியாவில் உண்டு. அதற்கும் இதற்கும் மருந்து ஒன்றுதான்.

அந்த மருந்து டாக்ஸிசைக்ளின். பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும், சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் சாதாரணமாகக் காய்ச்சலுக்கு எழுதித் தரும் பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. பெரியம்மாவுக்குக் கிளினிக்கில் போட்ட ஊசிகள் எவையென்று எனக்குத் தெரியாது. அவை வேலை செய்யவில்லை என்பது மட்டும் தெரியும்.

இது அபூர்வமான நோயும் அல்ல. மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் முடியும்வரை தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் வருகிறது. தீவிர நிலைக்குப் போன நோயாளிகளுக்கு எந்த மருந்து முறை சிறந்தது என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று அது நிறுவியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 30,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கண்காணித்த இன்னோர் ஆய்வு 2025-இல் அதே இதழில் வந்தது. கிராமத்தில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்பவர்களில் கணிசமானோருக்கு இந்த நோய்தான் என்று அது காட்டியது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறையும் எச்சரிக்கை விடுத்தது. உலகத்துக்கே வழிகாட்டும் ஆய்வு நம் வீட்டு வாசலில் நடக்கிறது. என் பெரியம்மாவோ எட்டாம் நாள்தான் அந்த மாத்திரையின் முகத்தைப் பார்த்தார்.

உண்ணிக்கும் பூச்சிக்கும் சாதி தெரியுமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தெரியாது. புதருக்குள் யார் இறங்குவது என்பதில்தான் சாதி இருக்கிறது.

நம் ஊர்களின் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஊர், கோயில், கடைத்தெரு. கடைசியில், ஏரியின் கீழோ புறம்போக்கை ஒட்டியோ சுடுகாட்டுப் பாதையிலோ, சேரி. ஸ்கிரப் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் புதர்க்காடு என்று பொருள். விளைநிலம் முடிந்து புதர் தொடங்கும் விளிம்புகளில் இந்தப் பூச்சி அதிகம் என்கிறது மருத்துவம். அந்த விளிம்பில் யாரைக் குடிவைக்க வேண்டும் என்று சாதி என்றைக்கோ முடிவு செய்துவிட்டது. கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண் இருட்டில் எங்கே ஒதுங்குகிறாள், நிலம் இல்லாதவர் யாருடைய வரப்பில் புல் அறுக்கிறார், வெட்டிய புல்லை எந்த இடுப்பு சுமக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால் நோயின் பாதை தானாகத் தெரியும்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். பட்டியல் சாதியினரின் பங்கு, மாநில மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள 20 சதவீதத்தைவிட அதிகம். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும் என்று சொன்னது. போராடிப் பெற்ற உரிமைகள் அவை. ஆனால் அந்தப் பட்டியலில் பூட்ஸ் இல்லை, கையுறை இல்லை, முழுக்கைச் சட்டை இல்லை. மலை ஏறிப் பார்க்கப் போகும் எனக்கு அவை கட்டாயம். அதே புல்லில் எட்டு மணி நேரம் குனிந்து நிற்கும் பெரியம்மாவுக்கு அவை யார் நினைவிலும் இல்லை.

நகரத்திலும் இதே கதைதான். 2025 எச்சரிக்கையில் சென்னையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் இடம்பெற்றிருந்தன. சென்னையில் காலி மனையின் புதரையும் கால்வாய்க் கரையின் புல்லையும் வெட்டுவது யார்? ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் எந்தச் சமூகத்தவர் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடலைப் பாதுகாத்துக்கொள் என்று தனிமனிதருக்குச் சொல்லும் அறிவுரை, உடை வாங்கப் பணமும், எந்தப் புல்லில் கால் வைப்பது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் உள்ளவருக்கு மட்டும் பொருந்தும். கூலிக்குப் போகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டியது அவரை வேலைக்கு அனுப்புகிறவரிடம். இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையிலும் பசிபிக் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இதே காய்ச்சலில் விழுந்தார்கள். கவனமாக இரு என்று சிப்பாயிடம் அறிவுரை சொல்லிவிட்டு ராணுவம் சும்மா இருக்கவில்லை. பூச்சியை அண்டவிடாத தாலேட் திரவத்தை அவர்களது சீருடையில் ஏற்றிக் கொடுத்தது. சண்டையிடும் உடம்பு அதற்குத் தேவைப்பட்டது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1942 முதல் 1946 வரை, வைஸ்ராயின் நிர்வாக அவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். சுரங்கத்தில் வேலை செய்த பெண்களின் பேறுகாலப் பலனும், தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற வரம்பும் அவர் கையில் சட்டமாக நகர்ந்தவை. தொழிலாளியின் உடம்புக்கு நேர்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு, அரசின் பொறுப்பு என்ற எண்ணத்தை அவர் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுபோனார். எண்பது ஆண்டுகள் கழித்தும் ஏரிக்கரையில் நிற்கும் தொழிலாளிக்கு அந்த எண்ணம் வந்து சேரவில்லை.

இனி, தொடுதல் பற்றி.

இந்த நோயைக் கண்டுபிடிக்க மருத்துவருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய துப்பு அந்தக் கறுப்புப் பொருக்குதான். எல்லோருக்கும் அது இருக்காது. இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் உடை இறுக்கும், தோல் மடியும் இடங்களில் இருக்கும்: அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ், பிறப்புறுப்பைச் சுற்றி. வலிக்காது, அரிக்காது. ஈரமான மடிப்புகளில் கறுப்பாகக்கூட இல்லாமல் மஞ்சள் படிந்த சின்னப் புண்ணாக இருக்கும். கறுத்த தோலில் பார்த்தவுடன் தெரியாது. ஆகவே மருத்துவர் எழுந்து வர வேண்டும், திரையை இழுக்க வேண்டும், துணியை விலக்க வேண்டும், தொட வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டுபிடிக்கவே முடியாத நோய் இது.

நாம் வாழ்வதோ யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்று விதி எழுதி வைத்திருக்கும் சமூகத்தில். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய கள ஆய்வின் அடிப்படையில் 2006-இல் வெளியான ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ பற்றிய ஆங்கில நூல், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுக்கிறார்கள் என்று பதிவு செய்தது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு, பரிசோதிக்கும்போதும் மருந்து தரும்போதும் தொடுவதைத் தவிர்ப்பது எப்படி நடக்கிறது என்பதைக் குழந்தைகளின் அனுபவத்திலிருந்தே எடுத்துக் காட்டியது.

எங்கள் ஊர் கிளினிக்கில் நடந்தது தீண்டாமைதான் என்று நான் நிரூபிக்க முடியாது. நூறு பேர் காத்திருக்கும்போது யாரையும் தொட நேரமில்லை என்று அந்த டாக்டர் சொல்லலாம். ஆனால் அதே கிளினிக்கில் ஊர்க்காரர்கள் உட்காரும் ஸ்டூல் ஒன்று உண்டு. எங்கள் பெரியம்மா இரண்டு முறையும் நின்றுகொண்டேதான் பதில் சொன்னார். யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. சாதி இப்போதெல்லாம் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு ஸ்டூல் காலியாக இருக்கிறது. எட்டு நாள் வீணாகிறது. இறந்தால் சான்றிதழில் காய்ச்சல் என்று எழுதுவார்கள்.

இதில் பெண்ணுக்கு இன்னொரு சுவர். ஆண் மருத்துவர் முன்னால் ரவிக்கையைத் தளர்த்த அவள் கூசுவாள். காட்டச் சொல்லும் மருத்துவரும் கூசுவார். திரையும் பெண் செவிலியரும் இல்லாத ஒரு சுகாதார நிலையத்தில் இந்த நோய்க்கான முதல் பரிசோதனைக் கருவியே இல்லை என்று பொருள்.

தோழர்கள் சிலர் சுத்தம் பற்றிப் பேசுவார்கள். சேரியில் சுகாதாரக் கல்வி வேண்டும், மக்கள் தினமும் குளித்துத் துணி மாற்ற வேண்டும் என்பார்கள். வேலை முடிந்ததும் குளிப்பதும் துணி மாற்றுவதும் உண்மையிலேயே காக்கும். ஆனால் இந்தப் பூச்சி அழுக்கில் பிறப்பதில்லை. தினமும் இரண்டு முறை குளிக்கிறவரையும் அது கடிக்கும். நம் மக்கள்மீது ஏற்கெனவே ஒட்டவைக்கப்பட்ட அழுக்கு என்ற முத்திரையை ஒரு காய்ச்சலின் பெயரால் மறுபடியும் குத்த வேண்டாம். குளிக்கச் சொல்வதற்கு முன் காலனிக்குத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள்.

நிஜ உண்ணி பரப்பும் இன்னொரு நோயின் வரலாறும் இதையே சொல்கிறது. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பின்னால் மனிதர்களும் விழுந்தார்கள். குரங்குக் காய்ச்சல் என்று அழைக்கப்படும் அந்த வைரஸ் நோயைக் காட்டு உண்ணி பரப்புகிறது. விறகு பொறுக்குகிறவர், மாடு மேய்க்கிறவர், முந்திரித் தோப்புக் கூலி, பழங்குடி மக்கள் என்று காட்டுக்குள் வேலைக்காகப் போகிறவர்களே அதில் அதிகம் விழுகிறார்கள். 2012-இல் அது முதுமலையை ஒட்டியிருக்கும் பந்திப்பூருக்கு வந்தபோது, செத்த குரங்குகளைக் கையாண்டு எரித்த பழங்குடிக் கூலித் தொழிலாளர்களுக்கு நோய் வந்தது. நீலகிரியில் செத்த குரங்கிலும் அப்போது அந்த வைரஸ் தென்பட்டது. செத்த மாட்டை யார் இழுப்பது என்பதில் இருக்கும் அதே ஏற்பாடு, செத்த குரங்கை யார் தொடுவது என்பதிலும் இருக்கிறது.

அந்த நோய்க்கு மருந்து கிடையாது. பல பத்தாண்டுகளாகப் போட்டுவந்த தடுப்பூசி போதுமான பலன் தரவில்லை என்று 2022-இல் கர்நாடகம் அதை நிறுத்திவிட்டது. புதிய தடுப்பூசிக்கான வேலை இப்போதுதான் நடக்கிறது. நோயைக் கண்டுபிடித்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான பிறகும் நிலை இது. காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஆண்டுதோறும் அதில் செத்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்குமா?

படிக்கும் நீங்களும் உங்கள் வீட்டாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் அம்மாவிடமும் அத்தையிடமும் போனில் சொல்லுங்கள். புதர், வயல், புல்வெளியில் இறங்கும்போது கையும் காலும் மூடியிருக்கட்டும். வெறும் புல்லில் உட்காராமல் சாக்கோ தார்ப்பாயோ விரித்து உட்காரட்டும். துணியைப் புல்லிலும் புதரிலும் காயப் போடாமல் கொடியில் போடட்டும். வேலை முடிந்ததும் சோப்புத் தேய்த்துக் குளித்து, அந்தத் துணியைத் துவைக்காமல் மறுநாள் உடுத்தாமல் இருக்கட்டும். உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சியால் சுடவோ மண்ணெண்ணெய் ஊற்றவோ வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்து எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக “நான் புதரில், வயலில் வேலை செய்கிறேன்” என்று சொல்லட்டும். “ஸ்கிரப் டைஃபஸாக இருக்குமா?” என்று நேராகக் கேட்கட்டும். போவதற்கு முன் வீட்டில் ஒருவர் உடம்பு முழுக்கப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கட்டும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் சந்தேகத்தின் பேரிலேயே மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல்.

இத்தோடு நிறுத்திவிட்டால் நானும் வாட்ஸ்அப் பட்டியல் எழுதியவனாகிவிடுவேன். ஆகவே கோரிக்கைகள்.

ஊரக வேலைத் திட்டத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும், புதர் வெட்டும் இடத்தில் பூட்ஸ், கையுறை, முழுக்கைச் சட்டை, பூச்சி விரட்டி ஆகியவற்றை அரசு தர வேண்டும். மண்வெட்டி எப்படி வேலைக்கான கருவியோ அப்படியே இவையும். தூய்மைப் பணி ஒப்பந்தங்களிலும் இதே விதி எழுதப்பட வேண்டும். கைகால் கழுவித் துணி மாற்றத் தண்ணீரும் மறைவிடமும், அதற்கான நேரத்துக்குக் கூலியும் வேண்டும். மழைக்காலம் தொடங்கியதும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காய்ச்சலோடு வருபவரிடம் தொழில் என்ன என்று கேட்டு எழுத வேண்டும். திரை, பெண் செவிலியர், முழு உடல் பரிசோதனை மூன்றும் கட்டாயமாக வேண்டும். தனியார் கிளினிக்குகளுக்கும் இந்த வழிகாட்டுதலை அரசு அனுப்பி, பின்பற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும். வேலையில் வந்த நோயை வேலையில் நேர்ந்த விபத்தைப் போலவே கணக்கில் எடுத்து, சிகிச்சைச் செலவையும் இழந்த கூலியையும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில், காலனியின் வாசல்வரை புதரை வளரவிட்டிருக்கும் நில ஏற்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை. மாத்திரை இருக்கிறது. பூட்ஸ் கடையில் தொங்குகிறது. அந்த இரவு என் பெரியம்மாவைத் தொட்ட மருத்துவர் செய்தது எந்த அற்புதமும் அல்ல, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அதை ஒரு அற்புதம்போல நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோமே, அந்தக் கும்பிடுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

உடம்பு தேறியதும் பெரியம்மா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கூலியில்தான் வீட்டுக்கு மளிகை. முழங்கால்வரை வரும் கம்பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனபோது அது கதவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“நாப்பது பேரு வெறுங்காலோட நிக்கிறாங்க. நான் மட்டும் இத மாட்டிக்கினு போயி எப்பிடி நிப்பேன் கண்ணு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கிறது. நாற்பது ஜோடி. அதைப் பெரியம்மாவின் உறவுக்காரன் வாங்கித் தரக் கூடாது, வேலை கொடுக்கும் அரசு தர வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு ஊருக்குப் போகிறேன். தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒன்று எழுதுங்கள்.